எங்கள் வீட்டுப் பென்சில்வேனியா

பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து குத்தாலம் வரை வந்து சேர்வதில் ஒரு சிரமமும் இல்லை. உட்கார்ந்தபடியே வந்துவிடலாம். மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தெற்குத் தெருவுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறதே, அதைத் தாண்டுவதுதான் பயணம்.

கார் இக்கரையில் நின்றுவிட்டது. டிரைவர் ஓடுகிற தண்ணீரையும், அதன்மேல் கிடந்த இரண்டு பனைமரத் துண்டுகளையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுலயா போவணும்?" என்றார். எதிர்க்கரையிலிருந்து அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். ரோட்டில் நடப்பதுபோல நடந்து போய்விட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபது முடிகிறது. அதற்காகத்தான் நான் வந்திருந்தேன்.

"பாப்பா, பாத்து வா. மழையில வழுக்கும்" என்று அங்கிருந்து சத்தம் போட்டார். பாப்பாவுக்கு ஐம்பத்து நாலு வயது. கலிஃபோர்னியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி தூரம் நடந்தேன், மீதியை மரத்தின்மேல் உட்கார்ந்து நகர்ந்து கடந்தேன். வேடிக்கை பார்க்க வந்த தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணி கையை நீட்டி என்னைக் கரையேற்றினார்.

"மல்லிகா, பையை ஏன் இப்படி நெஞ்சோட கட்டிப் புடிச்சிருக்க? நகையா?"

"பாஸ்போர்ட்டு அண்ணி. அப்புறம் என் ஓட்டு."

"ஓட்டா? அதைக் கையில எடுத்துக்கிட்டா வந்த?"

எங்கள் மாநிலத்தில் ஓட்டுச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். அது ஜனாதிபதித் தேர்தல் நேரம். கிளம்பும் அவசரத்தில் போட முடியவில்லை. "விடுங்கம்மா, நம்ம ஸ்டேட்ல முடிவு எப்பவோ தெரிஞ்சாச்சு. நீங்க போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதான்" என்று மகள் சொன்னாள். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சல். குடியுரிமை வாங்கியபோது அங்கே ஓட்டு கிடைத்தது, இங்கே இருந்த ஓட்டு போனது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் குப்பையில் போட மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் இட்லிக்குக் கடப்பா. கும்பகோணம் பக்கத்து ஆள் இல்லையென்றால் சொல்லிவிடுகிறேன்: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காயும் சோம்பும் அரைத்து விட்டுச் செய்வது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. அண்ணி கை கடப்பா இருந்தால் இட்லி கணக்கெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் நான் ஊருக்கு வருவதே மீனுக்காக. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய் வரும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது என்று அண்ணன் சொன்னபோது எனக்கு நிஜமாகவே கண்கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாம் பாம் என்று ஹாரன் அடித்தது. தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் மீன் வண்டி. லோடு ஆட்டோவைப் புருஷன் ஓட்ட, பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அஞ்சலை உட்கார்ந்து வருவாள். வண்டி இந்தக் கரைக்கு வர முடியாது. தெருப் பெண்கள்தான் பாத்திரத்தோடு மரத்தில் நடந்து போய் வாங்கிவர வேண்டும். நான் இக்கரையில் நின்று ஏக்கத்தோடு பார்த்தேன்.

"அமெரிக்கா அக்கா, சங்கரா வேணுமா? கண்ணப் பாரு, உன்னையே பாக்குது!"

"விரதம்மா. சனிக்கிழமை கொண்டா."

"வெரதம்னு மீனுகிட்ட சொல்லி வைக்கிறேன். சாவாம இருக்கச் சொல்றேன்."

சாயங்காலம் அண்ணன் கேட்டார்: "அது ஏன் பாப்பா, நீ போடற ஓட்டுக்கு மதிப்பு இல்லேங்குற? ஒரு ஓட்டு ஒரு ஓட்டுதான?" அண்ணன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்குக் கரண்டு போகிறது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது.

சொல்லிப் பார்த்தேன். அங்கே ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று பிரதிநிதிகள் உண்டு. நாங்கள் அவர்களுக்குப் போடுகிறோம், அவர்கள் போய் ஜனாதிபதிக்குப் போடுகிறார்கள். அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். அண்ணிக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

"இது நம்ம வைஸ் எலெக்‌ஷன்ங்க. தெருவு எனக்கு ஓட்டுப் போட்டுச்சு. நான் போய் துணைத் தலைவருக்கு ஓட்டுப் போடுறேன். அவ்வளவுதான?"

அண்ணி எங்கள் ஊராட்சியில் வார்டு மெம்பர். துணைத் தலைவராக இருந்தவர் இறந்துபோய் அந்த இடம் காலி. அதற்குத்தான் தேர்தல்.

"அவ்வளவுதான் அண்ணி. ஆனா ஒண்ணு. ஒரு ஸ்டேட்ல யாருக்குக் கொஞ்சம் ஓட்டு கூட விழுந்தாலும், அந்த ஸ்டேட்டோட மொத்தப் பேரும் அவருக்குத்தான். அநேகமா எல்லா ஸ்டேட்லயும் அப்படித்தான்."

அண்ணி கையில் வைத்திருந்த முறத்தைக் கீழே வைத்தார். "இது என்ன அநியாயம்? அப்ப தோத்தவருக்குப் போட்ட ஓட்டெல்லாம் எங்க போவும்?"

"வடிகால்ல."

"ஜெயிக்கிறவருக்கு மிச்சமா விழுந்தது?"

"அதுவும் வடிகால்லதான். வயல் நெறஞ்ச பிறகு பாயுற தண்ணி."

"அட ராமா" என்றார் அண்ணி. வயலுக்குப் பாயாமல் கடலுக்கு ஓடுகிற தண்ணீரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடமும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் மாநிலங்கள் சில உண்டு, அங்கேதான் எல்லாச் சண்டையும் என்றேன். என் தோழி ஒருத்தி பென்சில்வேனியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கதவை நாளெல்லாம் யாராவது தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டுப் போடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். என் கதவைப் பார்சல்காரர் தவிர யாரும் தட்டியது இல்லை.

சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் கதவைத் தட்டினார்கள்.

வந்தவர் அரிசி மில் சேதுராமன். துணைத் தலைவர் பதவிக்கு நிற்கிறவர். தட்டில் பழம், பட்டு வேட்டி. "அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணமாமே, கேள்விப்பட்டேன்" என்றார். ஓட்டுப் போடுகிறவர்கள் தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர். அவரையும் சேர்த்து நாலு பேர் அவர் பக்கம், டிராக்டர் வைத்திருக்கிற கலியபெருமாளையும் சேர்த்து நாலு பேர் இன்னொரு பக்கம். ஒன்பதாவது ஆள் என் அண்ணி. அவர் யாருக்கு என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கலிஃபோர்னியா. அண்ணி பென்சில்வேனியா. அன்றிலிருந்து வீட்டில் அண்ணிக்கு அதுவே பெயராகிவிட்டது. வாயில் நுழையாமல் அண்ணன் "பென்சில்" என்று சுருக்கிக்கொண்டார்.

இந்த மாதிரித் தேர்தலில் எங்கள் பக்கத்து வழக்கம் இரண்டு. ஒன்று, மெம்பர்களை வேனில் ஏற்றி எங்காவது சுற்றுலா கூட்டிப்போய், ஓட்டுப் போடுகிற அன்றுதான் கொண்டுவந்து இறக்குவது. இரண்டாவது, கற்பூரம் ஏற்றி அதை அடித்து, "உங்களுக்குத்தான் போடுவேன்" என்று சத்தியம் வாங்கிக்கொள்வது. சீட்டில் எழுதுவதை யாரும் பார்க்க முடியாதே, அதனால் சாமியைக் காவலுக்கு வைக்கிறார்கள்.

"மெம்பரம்மா, வண்டி அக்கரையில நிக்குது. மூணு பேர் ஏற்கனவே ஏற்காடு போயாச்சு. நீங்களும் அண்ணனும் ஜாலியா வாங்க. மொதல்ல ஒரு கற்பூரம் மட்டும்..."

"டூரா? நான் வெள்ளிக்கிழமை திருக்கடையூருக்கு டூர் போறேன்" என்றார் அண்ணி. சாமி மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்துவந்து வெற்றிலையில் வைத்துக் கொளுத்தினார். "நான் அடிக்கலை. நீங்க அடிங்க. தெற்குத் தெருவு வாய்க்கால்ல பாலம் போட்டுத் தருவேன்னு."

சேதுராமன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பட்டென்று அடித்தார். "மாரியம்மா சத்தியமா, ரெண்டு மாசத்துல பாலம்" என்றார். பட்டு வேட்டியை அண்ணி திருப்பிக் கொடுத்துவிட்டார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பழத்தைத் திருப்பினால் அவமானம், வேட்டியை வைத்துக்கொண்டால் நமக்கு அவமானம்.

மறுநாள் கலியபெருமாள் வந்தார். சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றார். அவருக்கும் அதே கற்பூரம், அதே கேள்வி. அவர் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கரைந்து அணைந்தே போய்விட்டது.

"அக்கா, பாலம் எங் கையில மட்டும் இல்ல. தலைவர் ஒத்துக்கணும், மேலேந்து பணம் வரணும். தீர்மானம் கொண்டாறேன், மொத கையெழுத்து நான் போடுறேன். அதுக்கு மேல சத்தியம் பண்ணுனா சாமி கண்ணக் குத்தும்."

அவர் போனதும் நான் கேட்டேன்: "என்ன அண்ணி, யாருக்குப் போடப் போறீங்க?"

"சாமி கண்ணக் குத்தும்னு பயப்படுறவருக்கு" என்றார்.

பாலம் பாலம் என்று ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஓர் ஐப்பசி மழையில், அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அக்கரையில் வந்து நின்றது. பனைமரத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அண்ணனும் இன்னும் மூன்று பேரும் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். அக்கரை சேர்ந்தபோது அம்மா இல்லை. அந்த நேரத்தில் நான் கலிஃபோர்னியாவில் யாரோ ஒரு அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆம்புலன்ஸிலும் ஆக்ஸிஜன் இருந்தது. வண்டிக்குத்தான் வழி இல்லை.

ஊராட்சியில் எப்போது பணம் வந்தாலும் வடக்குத் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு, மறுபடி அதன்மேல் இன்னொரு சிமெண்ட் ரோடு. ஒன்பது வார்டில் எங்களுடையது ஒன்று. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து எங்களை ஞாபகம் வைத்துக்கொள்கிற ஒருவருடையதாக இருந்தால் பாலம் வரும். அண்ணி தேர்தலில் நின்றதே இதற்காகத்தான்.

இந்த நிலைமையில் ஓட்டுப்பதிவு எந்த நாளில் வந்து விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. அண்ணனின் நட்சத்திரமும் அதே வெள்ளிக்கிழமை. மண்டபம், குருக்கள், சாப்பாடு எல்லாம் சொல்லியாயிற்று. நோட்டீஸ் பிறகுதான் வந்தது.

வியாழக்கிழமை முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோரணத்துக்கு மாவிலை கட்டினார். எங்கள் அப்பாவுக்கு எந்த நாளில் பிறந்தார் என்றே தெரியாது. அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட பிறந்த நாளும் வாத்தியார் மனதில் தோன்றியதுதான். நல்லவேளை, நட்சத்திரம் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டில் அறுபதாம் கல்யாணம் என்று ஒன்று நடப்பது இதுதான் முதல் தடவை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

"அறுவது வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது. அதுலயும் ஓட்டா?" என்று மாவிலையிடம் கேட்டார்.

"தாலி கட்டுனதும் நான் கெளம்பிடுறேன். நீங்க இருந்து எல்லாரையும் கவனிச்சு அனுப்புங்க" என்று அண்ணி அடுப்பிடம் சொன்னார். நடுவில் உட்கார்ந்து நான் வடை தின்றேன்.

திருக்கடையூரில் அன்றைக்கு எத்தனை ஜோடி என்று எண்ணக்கூட முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டி. வீடியோக்காரர்கள் "சார், அம்மாவைப் பாத்துச் சிரிங்க" என்று கத்த, முப்பது வருஷமாக மனைவியைப் பார்த்துச் சிரிக்காத மனுஷர்களெல்லாம் சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் என்று ஓர் ஊரில் இப்படித்தான் வரிசையாகக் கல்யாணம் செய்து வைப்பார்கள். அங்கே புதுசாகக் கட்டுகிறார்கள். இங்கே கட்டினவளையே மறுபடியும் கட்டுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

எங்களுக்கு முந்தின குடும்பம் எண்பதாம் கல்யாணம். பேரன் பேத்தி எல்லாரும் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றுவோம் என்று நின்றார்கள். குருக்கள் எங்களிடம் வரவே நேரமாகிவிட்டது. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்ற ஊற்ற, அண்ணி கண்ணை மட்டும் திறந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒருவழியாகத் தாலி கட்டி முடிந்தது. குலவையும் மேளமும் அடங்கவில்லை, அண்ணன் சடாரென்று மணையிலிருந்து எழுந்தார்.

"கெளம்பு. வண்டி எங்க?"

அண்ணி திகைத்துப்போய், "நீங்க இருங்க. சாப்பாட்டுப் பந்தி..." என்றார்.

"அவங்க சாப்புட்டுக்குவாங்க. அம்மாவக் கட்டிலோட தூக்குனவன் நானு. எனக்குத் தெரியாதா பாலம் எதுக்குன்னு?"

அண்ணி முதல் தடவையாக அழுதார். நானும்தான். மாலையோடு, ஈர வேட்டியோடு, ஈரப் பட்டுப்புடவையோடு மூன்று பேரும் காரில் ஏறினோம்.

செம்பனார்கோவிலைத் தாண்டினதும் சனியன் பிடித்தது. மழை இரண்டு நாள் விட்டிருந்ததால் குறுவை நெல்லை ரோட்டில் பாதி வரைக்கும் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நெல்மேல் சக்கரம் ஏற்றக்கூடாது என்று டிரைவர் ஓரத்தில் இறக்க, ஓரத்தில் கிடந்த கல் டயரைக் கிழித்தது. மாற்று டயரைப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. பத்தரை தாண்டிவிட்டது. வந்த பஸ்ஸெல்லாம் படியில் ஆளோடு நிற்காமல் போயின. அண்ணன் மாலையோடு நடு ரோட்டில் நின்று கையை ஆட்டினார். போகிறவர்கள் பதிலுக்குக் கையை ஆட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் பாம் பாம் என்றது. அஞ்சலையின் லோடு ஆட்டோ. வெள்ளிக்கிழமை உள்ளூரில் யாரும் மீன் வாங்கமாட்டார்கள். காலிப் பெட்டிகளோடு மயிலாடுதுறைக்கு ஐஸ் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அய்ய, மாப்பிள பொண்ணு ரோட்டுல நிக்குது! ஏறுங்க, ஏறுங்க" என்று அஞ்சலை பெட்டிகளைத் தள்ளி இடம் போட்டாள். அறுபதாம் கல்யாண ஜோடி மீன் பெட்டிமேல் உட்கார்ந்தது. நாற்றம் கோயில் சந்தனத்தை இரண்டு நிமிஷத்தில் தின்றுவிட்டது. நான் மட்டும் ஆசை தீர மூச்சை இழுத்துக்கொண்டேன். விரதம் மூக்குக்கு இல்லை அல்லவா?

விஷயம் தெரிந்ததும் அஞ்சலை, "ஐஸு கெடக்கட்டும், நேரா ஊருக்கு வுடு" என்று புருஷனை விரட்டினாள். "பாலம் வந்தா நான் தெருவுக்குள்ள வந்து விப்பேன்ல" என்றாள்.

ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் இறங்கினோம். பார்த்தால் உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. மற்ற எட்டுப் பேரும் பூவரச மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சேதுராமனும் ஏற்காடு போய்வந்த மூன்று பேரும் ஸ்வெட்டரோடு, இன்னொரு பக்கம் கலியபெருமாள் ஆட்கள். தேர்தல் நடத்த ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மா வாசலில் நின்று பொருமிக்கொண்டிருந்தார்.

"பத்தரைக்குக் கூட்டம்னு நோட்டீஸ் குடுத்தேன். ரெண்டு பேருமே வேட்புமனுவைக் கையில வச்சுக்கிட்டு உள்ள வர மாட்டேங்குறாங்க!"

"மேடம், ராகு காலம். பன்னண்டு அடிக்கட்டும்" என்றார் சேதுராமன் பணிவாக. "அதுல மட்டும் அண்ணன் சொல்றது சரிதாம்மா" என்று கலியபெருமாளும் தலையாட்டினார். இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அண்ணி அப்படியே ஆட்டோ ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்த வீடு எங்களுடையது. அந்த ராகு காலத்தில் யாரும் மனு கொடுக்கமாட்டார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாயசத்தை விட்டு ஓடிவந்திருக்கிறோம்!

பன்னிரண்டு அடித்ததும் உள்ளே போனார்கள். நானும் அண்ணனும் அஞ்சலையும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். அண்ணன் மாலையை உருட்டி உருட்டி இதழெல்லாம் கொட்டிவிட்டது. ஐந்துக்கு நாலு என்று வரும், வர வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டேன். அந்த அம்மா சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். கலியபெருமாளுக்கு ஆறு, சேதுராமனுக்கு மூன்று.

அஞ்சலை விசில் அடித்தாள். அண்ணன் முகம் மட்டும் யோசனையில் இருந்தது. அண்ணி வெளியே வந்ததும் கேட்டார்: "ஆறா? அப்ப நீ வராட்டியும் அஞ்சுக்கு மூணுன்னு ஜெயிச்சிருப்பாரே. நான் மணையிலேந்து எந்திரிச்சு வந்தது வீணா?"

ஏற்காடு போன மூன்று பேரில் ஒருவர், கற்பூரம் அடித்த கையாலேயே மாற்றிப் போட்டிருந்தார். யார் என்று இன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேருமே தனித்தனியாகக் கலியபெருமாளிடம் போய், "அது நான்தாண்ணே" என்று காதில் சொன்னார்களாம்.

"என்ன வீண்?" என்றார் அண்ணி. "உள்ள போறப்ப எனக்குத் தெரியுமா ஆறுன்னு? அந்த ஆறாவது ஆளுக்குத்தான் தெரியுமா நான் யாருக்குப் போடுவேன்னு? மெம்பரம்மா வாயே தொறக்கல, நாமதான் போடணும்னு நெனச்சுப் போட்டிருப்பாரு. நான் இருக்கேன்னு அவரும், அவரு இருக்காருன்னு நானும் சும்மா இருந்தா என்ன ஆவுறது?" பிறகு ஈரப் புடவையை உதறிவிட்டு, "நல்ல பசி" என்றார்.

சனிக்கிழமை சங்கரா வந்தது. அதைப் பற்றித் தனியாக எழுதத்தான் ஆசை. மாங்காய் போட்ட குழம்பு ஒரு சட்டி, வறுவல் ஒரு தட்டு. கையைக் கழுவிவிட்டு வந்து என் ஓட்டுச் சீட்டைப் பிரித்தேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் இது பாய் மாதிரி இவ்வளவு நீளம்?"

ஜனாதிபதி மேலே ஒரு கட்டம்தான். அதற்குக் கீழே பள்ளிக்கூட போர்டு, சட்டத் திருத்தங்கள், எங்கள் பகுதித் தண்ணீர் போர்டு மெம்பர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

"தண்ணிக்கு மெம்பரா? அதுக்கும் மொத்தமா ஜெயிச்சவருக்கேவா?"

"இல்ல அண்ணி. அது நேர் ஓட்டு. யாருக்குக் கூடவோ அவர்தான்."

"அப்ப ஏன் மேலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? கீழேந்து போட ஆரம்பி" என்றார்.

கீழேயிருந்து போட்டுக்கொண்டே மேலே வந்தேன். குத்தாலம் தபால் ஆபீசில் கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேரத்துக்குப் போய்ச் சேருங்களா?" என்று கேட்டார். சந்தேகம்தான் என்றேன். "அனுப்பி வைப்போம்" என்று தபால் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

போய்ச் சேரவில்லை. ஊர் திரும்பின பிறகு போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் ஓட்டு தாமதமாகக் கிடைத்ததால் எண்ணப்படவில்லை. ஜனாதிபதி விஷயத்தில் என் மாநிலம் என் மகள் சொன்னபடியே லட்சக்கணக்கில் ஒரு பக்கம் சாய்ந்தது, அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் தண்ணீர் போர்டுக்கு நான் போட்டவர் ஒரு தெருவில் இருக்கிற ஜனம் அளவு ஓட்டில் தோற்றுப்போனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுப் புலம்பினேன். "அடுத்த தடவ ராகு காலம் பாக்காம சீக்கிரமாப் போட்டுரு" என்று சிரித்தார்.

கலியபெருமாள் கார்த்திகையிலேயே தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். வேலை மட்டும் வாய்க்கால் காய்கிற வரை காத்திருந்தது. சித்திரையில் ஒரு நாள் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்து படுக்கப் போகும்போது அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். எடுத்ததும் போனைத் திருப்பிப் பிடித்தார். அண்ணன் தோளில் துண்டோடு யாருக்கோ "வா, வா, ரைட்ல ஒடி" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பாம் பாம் என்று ஹாரன் கேட்டது, முன்பெல்லாம் தூரத்தில் கேட்கிற ஹாரன். இப்போது காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அமெரிக்கா அக்கா! சங்கரா!" என்று அஞ்சலை ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதவு தெரிந்தது. அம்மாவின் கட்டிலை வெளியே தூக்கி வந்த அதே கதவு. வண்டி அதன் வாசலிலேயே நின்றது.